எந்தத் துறையை மூடுவது என்று ஒரு எக்செல் தாள் முடிவு செய்யலாமா?

#1 லேத் மாஸ்டர்

வணக்கம். இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாயிற்று. இன்றைக்கு வயிற்றெரிச்சலோடுதான் வந்திருக்கிறேன்.

கொங்குப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் துறையில் பதினேழு வருடமாக இருக்கிறேன். பெயர் கேட்காதீர்கள். போன வாரம் டீன் அலுவலகத்திலிருந்து எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் (ஹெச்.ஓ.டி.) ஓர் எக்செல் தாள் வந்தது. தலைப்பு ‘பாடப்பிரிவு முன்னுரிமை’. அனுமதிக்கப்பட்ட இடம், சேர்ந்தவர்கள், கட்டண வரவு, சம்பளச் செலவு, பிளேஸ்மென்ட் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றையும் நிரப்பினால் கடைசிக் கட்டத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து தானாக விழும். ஏ என்றால் விரிவாக்கம் என்று கீழே குறிப்பு இருக்கிறது. டி-க்குக் குறிப்பே இல்லை. தேவையும் இல்லை.

எங்களுக்கு என்ன விழும் என்று போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நான் சேர்ந்த காலத்தில் மெக்கானிக்கலுக்கு இரண்டு செக்‌ஷன். சீட் கேட்டு சிபாரிசுக் கடிதத்தோடு வருவார்கள். இப்போது முதலாமாண்டில் சேர்ந்தவர்கள் மொத்தமும் இரண்டு பெஞ்சில் அடங்கிவிடுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு லேத் இருக்கிறது, நாலுதான் ஓடுகிறது. மற்றவற்றுக்கு கிரீஸ் தடவி, பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போர்த்தி வைத்திருக்கிறோம். அதில் ஒரு பேனர் 2011 அட்மிஷன் விளம்பரம். முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் மெக்கானிக்கல்!

புலம்பல் போதும். அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023-ல் இப்படித்தான் துறை துறையாக எடை போட்டு வெட்டியது என்று எங்கள் டீனே கூட்டத்தில் உதாரணம் காட்டினார். “உலகமே இப்படித்தான் செய்கிறது” என்றார். அங்கே உண்மையில் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மலையோரம்

உங்கள் டீன் சொன்ன ஊரில்தான் இருக்கிறேன், மோர்கன்டவுன். பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை இல்லை, ஆனால் இந்த ஊரில் அதைத் தொடாமல் யாரும் பிழைக்க முடியாது. எங்கள் தெருவில் பாதி வீட்டு வாடகை அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் பின்னணி. வெஸ்ட் வர்ஜீனியா சுருங்கிக்கொண்டிருக்கும் மாநிலம். 2010-க்கும் 2020-க்கும் நடுவில் மக்கள்தொகை 3.2 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவிலேயே அதிகமாகக் குறைந்தது இங்கேதான். நிலக்கரி போனது, இளசுகள் போனார்கள். பல்கலைக்கழகத்தில் 2015-லிருந்து மாணவர் எண்ணிக்கை 10 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஆனால் தலைவர் கார்டன் கீ அதற்குச் சற்று முன்புதான் 2020-க்குள் 40,000 மாணவர்கள் என்று இலக்கு சொல்லியிருந்தார். வராத மாணவர்களை நம்பிச் செலவு ஓடியது. 2023-ல் பார்த்தால் 4.5 கோடி டாலர் பற்றாக்குறை.

ஆர்.பி.கே. குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தை வரவழைத்தார்கள். மாணவர் போக்கு, வரவு, செலவு என்று துறை துறையாக எண்களைப் பார்த்துப் பல துறைகளைப் பரிசீலனைப் பட்டியலில் போட்டார்கள். ஆகஸ்ட்டில் முதல் அறிவிப்பு வந்தது: 32 பாடப்பிரிவுகள், 169 ஆசிரியர் பணியிடங்கள். உலக மொழிகள் துறை முழுசாகவே காலி. கணிதத்தில் முதுநிலையும் முனைவர் பட்டமும் காலி. மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும் ஜெர்மனும் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றால் எப்படி என்று நாடெங்கும் செய்தியானது.

ஆகஸ்ட் 21 அன்று மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். பல பேர் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. வெளியூர்க்காரர்களுக்கு அது சாதாரணத் துணி. இங்கே 1921-ல் பிளேர் மலையில் துப்பாக்கியோடு சண்டை போட்ட சுரங்கத் தொழிலாளர்கள் கட்டியிருந்த அடையாளம் அது. எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர், சுரங்கத்தில் இருந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். இரண்டு நிமிடம் கழித்துத் தன்னிடம் இருந்த கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

செப்டம்பர் 6 அன்று ஆசிரியர் பேரவை, பல்கலைக்கழகத் தலைவர் கீ மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. ஆதரவாக 797, எதிராக 100. நிர்வாகக் குழு அதைக் காதில் வாங்கவில்லை. செப்டம்பர் 15 அன்று 28 பாடப்பிரிவுகளையும் 143 பணியிடங்களையும் நீக்கி முடித்தது. மேல்முறையீட்டில் சில பிழைத்தன: ஸ்பானிஷ், சீனம் சொல்லிக்கொடுக்கச் சில பேர், படைப்பிலக்கிய முதுநிலை. கணித முனைவர் பட்டம் பிழைக்கவில்லை.

இரண்டு விஷயத்தை உங்கள் டீன் சொல்லியிருக்க மாட்டார். ஒன்று, நீக்கிய பிரிவுகளில் இருந்த மாணவர்கள் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று நிர்வாகமே சமாதானமாகச் சொன்னது. சரி, அவ்வளவு சின்னப் பிரிவுகளா அத்தனை பெரிய பள்ளத்தைத் தோண்டின? மொழித்துறைக்காரர்கள் எங்கள் துறை லாபத்தில்தான் ஓடுகிறது என்று கணக்கோடு வாதாடினார்கள். இன்னொன்று, மாநில அரசு பத்து வருடத்துக்கு முன் கொடுத்த அளவிலேயே நிதியைத் தொடர்ந்திருந்தால் அந்த வருடப் பள்ளத்தில் பெரும்பகுதி அடைபட்டிருக்கும் என்று இங்குள்ள ஒரு பட்ஜெட் ஆய்வு மையம் காட்டியது. எக்செல் தாளில் அதற்கு ஏது கட்டம்?

#3 கணக்குப்பிள்ளை

நான் எதிர்ப்பக்கம். இரண்டு கல்வி அறக்கட்டளைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

லேத் மாஸ்டர் சார், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். அது சேர்ந்தவர்களை வைத்துப் போடும் கணக்கு இல்லை, அனுமதிக்கப்பட்ட இடத்தை வைத்து. 60 இடம் என்றால் நான்கு வருடத்துக்கு 240, ஆக 12 ஆசிரியர். உங்கள் இரண்டு பெஞ்சுக்கும் காகிதத்தில் 12 பேர் வேண்டும். அந்தச் சம்பளத்தைக் கட்டுவது யார்? பக்கத்து பிளாக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸில் கட்டணம் கட்டும் பிள்ளைகள். ஒரு வருடம் இரண்டு வருடம் என்றால் சரி. எட்டு வருடமாக இப்படி ஓடினால் எந்த டிரஸ்டியும் கேட்கத்தான் செய்வார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மலையோரம் கேட்டது சரியான கேள்வி. சின்னத் துறையை மூடினால் மிச்சமாகும் என்பது பாதி மாயை. கட்டடம் அங்கேயேதான் இருக்கும், கரண்ட் பில் வரும், நூலகம் ஓடும். ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பினால்தான் உண்மையில் காசு மிஞ்சும். அதனால்தான் ‘பாடப்பிரிவு மறுசீரமைப்பு’ என்று தலைப்பு வைத்தாலும் கடைசியில் அது ஆள் குறைப்பாகவே முடிகிறது. அதை நேராகச் சொல்லும் நிர்வாகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

#4 ஒன்பதாம் வாய்ப்பாடு

கணித ஆசிரியர், பணி ஓய்வு பெற்றவன். ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பத்தொரு வருடம்.

எங்களுக்கும் இப்படி ஒரு படிவம் வந்தது. ‘துறையில் சேர்ந்த மாணவர்கள்’ என்ற கட்டத்தில் நான் எழுதியது 0. உண்மைதானே, பொறியியல் கல்லூரியில் கணிதத்துக்கென்று யார் சேருகிறார்கள்? அந்த செமஸ்டரில் நான் எடுத்தது ஒன்பது செக்‌ஷனுக்கு எம்-ஒன், அதாவது முதலாமாண்டுக் கணிதம். சிவில், மெக்கானிக்கல், ஐ.டி. எல்லாரும் என்னிடம் ஐகன் வேல்யூ கற்றுக்கொண்டுதான் இரண்டாமாண்டுக்குப் போனார்கள். படிவப்படி நான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, சம்பளம் மட்டும் வாங்குகிறேன்.

நல்லவேளையாக அப்போதிருந்த முதல்வர் கணக்குத் தெரிந்தவர். “எந்தத் துறைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதே, எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் பாடம் எடுத்தார்கள் என்று கேள்” என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார். மாணவர் எண்ணிக்கையை மணி நேரத்தால் பெருக்குங்கள். கதை தலைகீழாகும்.

லேத் மாஸ்டர், உங்கள் முதலாமாண்டு ஒர்க்‌ஷாப் லேப் எல்லாப் பிரிவுக்கும் உண்டே? கம்ப்யூட்டர் சயின்ஸ் பையனும் அரத்தைப் பிடித்து ‘வி’ ஃபிட்டிங் போட்டாக வேண்டும். அதை நடத்துவது யார்?

#5 லேத் மாஸ்டர்

அட, ஆமாம் ஐயா. நாங்கள்தான். சிவில்காரர்கள் பிளம்பிங்கும் தச்சும் பார்க்கிறார்கள், எலக்ட்ரிக்கல்காரர்கள் ஒயரிங், மீதி எங்கள் தலையில். டிராயிங்கும் நாங்களே. தாளில் அதற்குக் கட்டம் இல்லாததால் எனக்கே தோன்றவில்லை பாருங்கள். இன்றைக்கு டைம்டேபிளை எடுத்து எண்ணிப் பார்க்கிறேன்.

#6 கவுன்சிலிங் அம்மா

எல்லாரும் நிர்வாகத்தைத் திட்டுகிறீர்கள். வராத பிள்ளைகளைப் பற்றியும் பேசலாமா?

போன வருடம் என் மகனுக்கு கட்-ஆஃப் 171. வீட்டில் மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. மெக்கானிக்கல் எடுத்தால் நல்ல பழைய கல்லூரி கிடைக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் பேர் தெரியாத கல்லூரி. பேர் தெரியாத கல்லூரியைத்தான் எடுத்தோம். ஏனென்றால் என் அண்ணன் மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் கான்ட்ராக்டில் வாங்கிய சம்பளம் எனக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் அவனும் ஜாவா கற்றுக்கொண்டு ஐ.டி.க்குத்தான் போனான். அதற்கு நேராகவே போயிருக்கலாமே?

2024-ல் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சீட்டை இஷ்டத்துக்குக் கூட்டிக்கொள்கின்றன. அப்புறம் மெக்கானிக்கலில் பெஞ்ச் காலி என்றால், கதவைத் திறந்துவிட்டது நாங்களா?

#7 தளப் பொறியாளன்

நான் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழி சிவில் படித்தவன். இப்போது பாலம் கட்டும் கம்பெனியில் சைட் இன்ஜினியர். இங்கே யாராவது 2023 மே மாதக் கதையைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

தமிழ்வழிப் பொறியியல் 2010-ல் வந்தது. சிவில், மெக்கானிக்கல் இரண்டில் மட்டும். 2023 மே கடைசியில் 11 உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி சிவிலும் மெக்கானிக்கலும் நிறுத்தி வைக்கப்படுகின்றன, சேர்க்கை குறைவு என்று அறிவிப்பு வந்தது. டிவியில் கீழே ஓடும் எழுத்தில்தான் நான் பார்த்தேன். அன்றைக்கே கண்டனம், அறிக்கை, சண்டை. அடுத்த நாளே அறிவிப்பு வாபஸ். வாட்ஸப் குரூப்பில் ஒரே பட்டாசு.

நானும் பட்டாசு அனுப்பினேன். ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன். மூடுகிறோம் என்று சொல்லும்போது எங்களிடம் யாரும் கேட்கவில்லை. மூடவில்லை என்று சொல்லும்போதும் கேட்கவில்லை. ஏன் பிள்ளைகள் வரவில்லை என்ற கேள்வி அந்த இரண்டு நாளில் எங்கேயும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த காரணம் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் தமிழில் பாடப்புத்தகம் போதவில்லை, சீனியர் கொடுத்த ஜெராக்ஸ்தான். ஆசிரியர்களில் சிலர் தமிழில் ஆரம்பித்து ஐந்தாவது நிமிடத்தில் இங்கிலீஷுக்குப் போய்விடுவார்கள், அவர்கள் படித்தது அப்படி. வளாக நேர்காணலில் ‘தமிழ்வழி’ என்று ரெஸ்யூமில் போடாதே என்று எங்களுக்கே அறிவுரை. அரசுப் பணியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடம் இருக்கிறது, அதை நம்பித்தான் பலர் வந்தார்கள். இதையெல்லாம் சரி செய்ய ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு, பிறகும் காலி என்றால் மூடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

எனக்கு அந்தப் படிப்பு வேலை கொடுத்திருக்கிறது. கான்கிரீட் போடும் இடத்தில் கம்பி கட்டுகிறவரிடம் ‘கம்பிக்கு வெளியே கான்கிரீட் மேலுறை 40 மில்லிமீட்டர் ஏன்’ என்று புரியும்படி சொல்ல என்னால் முடிகிறது. அது எந்த பிளேஸ்மென்ட் கட்டத்திலும் வராது.

#8 நெறியாளர்

இந்த இழையில் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. சொந்த அனுபவத்தில் கல்லூரிப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். தொடருங்கள்.

#9 பனிக்காலத்தான்

நான் கனடாவில ஒன்ராறியோ மாகாணத்தில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இங்க நடந்த ஒன்றையும் சொல்ல வேணும், கணக்குப்பிள்ளை அண்ணைக்கு உதவும்.

சட்பரியில லோரன்ஷியன் எண்டு ஒரு பல்கலைக்கழகம். 2021 பெப்ரவரி முதலாம் திகதி, கடன் கட்ட முடியேல்லை எண்டு நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. கம்பெனிகள் முறியேக்க போற சட்டம் அது. கனடாவில ஒரு அரச பல்கலைக்கழகம் அந்த வழியால போனது அதுதான் முதல் தரம். ஏப்ரல் 12 அண்டைக்கு 69 பாடநெறிகளை ஒரே நாளில வெட்டினவை. பௌதிகம், மெய்யியல், பிரெஞ்சு மொழிப் பாடநெறிகள் கனக்க. மருத்துவிச்சி படிப்பும் போனது. வட ஒன்ராறியோவில பிள்ளை பெறுற பெண்களுக்கு அது எவ்வளவு முக்கியம் எண்டு அங்க இருந்தவைக்குத் தெரியும். வேலை போன செய்தியைப் பலருக்கு ஸூமிலதான் சொன்னவை.

பிறகு 2022-ல மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் அறிக்கை போட்டா. வெட்டின பாடநெறிகள் காரணமில்லை, கடன் வாங்கிக் கட்டின கட்டடங்களும் ஒழுங்கில்லாத நிர்வாகமும்தான் பிரதான காரணம் எண்டு. அந்த நீதிமன்ற வழிக்குப் போயிருக்கவே தேவையில்லை எண்டும் எழுதினவ. அறிக்கை வரேக்க வேலை போன ஆக்கள் வேற ஊர்களில வீடு எடுத்து இருந்தாச்சு.

#10 கணக்குப்பிள்ளை

தம்பி, அது நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனாலும் அளவுகோலே கூடாது என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்த முன்னுரிமை முறையைப் பிரபலப்படுத்தியவர் ராபர்ட் டிக்கசன் என்ற அமெரிக்கர், பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். அவர் 1999-ல் எழுதியதில் பத்து அளவுகோல்கள் இருக்கின்றன. வெளியில் இருக்கும் தேவை அதில் ஒன்று. அதற்கு அடுத்ததே உள்ளுக்குள் இருக்கும் தேவை, அதாவது மற்றத் துறைகள் உன்னை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பது. ஒன்பதாம் வாய்ப்பாடு ஐயா சொன்ன அதே விஷயம். துறையின் வரலாறு, தரம், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் உண்டு. நம் ஊருக்கு வரும்போது பத்தில் வரவும் செலவும் ஆள் எண்ணிக்கையும் மட்டும் விமானம் ஏறி வந்துவிட்டன. மற்றவை எடை அதிகம் போலிருக்கிறது.

என் அனுபவத்தில் சண்டை வருவது அளவுகோலில் இல்லை, எடையில். எந்தக் கட்டத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று துறைகளின் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். முதலில் யாரை அனுப்புவது என்று தீர்மானித்துவிட்டு அதற்கேற்ப எடையை மாற்றுவதையும் பார்த்திருக்கிறேன். எக்செல் ரொம்பக் கீழ்ப்படிதல் உள்ள வேலைக்காரன்.

#11 மலையோரம்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஆங்கிலம், வரலாறு, தத்துவம் உட்பட 13 பட்டங்களை எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். ஒரு வருடம் எதிர்ப்பும் பேச்சும். 2019-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பேச நேரம் கொடுத்த இடத்தில் வேறு வழி கிடைத்தது. எங்கள் ஊரில் ஆகஸ்ட்டில் அறிவிப்பு, செப்டம்பரில் முடிவு.

#12 கவுன்சிலிங் அம்மா

பேச நேரம் கொடுங்கள் என்பது சரி. ஆனால் அந்த நேரத்தில் சேரும் பிள்ளை என்ன ஆகும்? மூடப்போகும் துறையில் கடைசி பேட்ச்சாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டீர்களா? என் தங்கை மகள் அப்படி ஒரு பிரிவில் இருந்தாள். மூன்றாம் வருடத்தில் எலெக்டிவ் என்று எட்டுப் பாடம் பட்டியலில் இருக்கும், நடத்துவது ஒன்றே ஒன்று. லேபுக்கு உதிரி வாங்க மாட்டார்கள். நல்ல ஆசிரியர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். ‘நீங்கள் முடிக்கும் வரை நடத்துவோம்’ என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான்.

#13 ஒன்பதாம் வாய்ப்பாடு

அம்மா சொல்வது உண்மை. மூடுவதாக இருந்தால் சேர்க்கையை நிறுத்திய நாளிலேயே, கடைசி பேட்ச் முடிக்கும் வரை எந்தெந்த ஆசிரியர் இருப்பார், எந்தப் பாடம் நடக்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கேட்டவரை யாரும் கொடுத்ததில்லை.

#14 லேத் மாஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. டைம்டேபிளை எண்ணிவிட்டேன். எங்கள் துறை ஆசிரியர்கள் எடுக்கும் மணி நேரத்தில் பாதிக்கு மேல் மற்றப் பிரிவுப் பிள்ளைகளுக்கு. அதிலும் அதிகம் கம்ப்யூட்டர் சயின்ஸ். எனக்கே அதிர்ச்சி.

தாளில் கட்டம் இல்லாததால் ‘குறிப்பு’ என்ற இடத்தில் எழுதினேன். அது பெரிதாகி வரி நீண்டு போய், பிரின்ட் எடுத்தால் அடுத்த பக்கத்தில் விழுகிறது. டீன் அலுவலக கிளார்க் போன் செய்தார். “சார், குறிப்பை ஒரு வரியில் முடித்துக் கொடுங்கள், ஃபார்மட் கெடுகிறது.” முடியாது என்றேன். தனித் தாளாக இணைக்கச் சொன்னார். இணைத்திருக்கிறேன். படிப்பார்களா என்று பார்ப்போம். கணக்குப்பிள்ளை சார் சொன்னபடி எடை என்னவென்றும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

இன்டேக்கை 60-லிருந்து 30 ஆகக் குறைக்க நாங்களே மனு கொடுக்கலாமா என்று துறைக்குள் பேச்சு ஓடுகிறது. அப்படியானால் இரண்டு ஜூனியர்களுக்கு வேலை இருக்காது. அந்த இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் என் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அட்மிஷன் டூட்டி. தாராபுரம் பக்கம் பத்துப் பள்ளிக்கூடம், அப்புறம் வீடு வீடாக. காரில் நோட்டீஸ் கட்டை ஏற்றிவிட்டார்கள். பிரித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி. எங்கள் துறை பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போயிற்றா என்று கேட்டேன். இந்த வருடம் இடம் பற்றவில்லை என்றார்கள்.

#15 தளப் பொறியாளன்

அண்ணா, தாராபுரம் பக்கம் எந்த ஊர்கள் என்று சொல்லுங்கள். அங்கே எங்கள் சைட் ஒன்று ஓடுகிறது. பிளஸ் டூ முடித்த பையன்கள் இரண்டு பேர் லீவில் கூலிக்கு வருகிறார்கள். ஒருவன் போன வாரம் மிக்ஸர் மெஷினைப் பிரித்து மாட்டிவிட்டான். அவனிடம் பேசிப் பாருங்கள்.